அச்சுறுத்தும் தடுப்பாட்டக்காரர் யார்?

கேள்வி: கால்பந்தில் எதிரணியை மிகவும் மிரட்டிய தடுப்பாட்டக்காரர் ஸ்பெயினின் செர்ஜியோ ராமோஸ்தான் என்கிறார் என் நண்பர். தாங்கள் ஏற்கிறீர்களா?

பதில்: ஏற்பதற்கில்லை. ராமோஸைப் போல் அடிக்கடி சிவப்பு அட்டை வாங்கி வெளியேறுபவரைக் காட்டிலும், வெளியேற்றப்படாமலேயே ஆட்டம் முழுதும் எதிராளியை வதைப்பவரே அதிக அச்சத்துக்குரியவர் என்பது என் கணிப்பு. அவ்வகையில் இத்தாலியின் கிளாடியோ ஜென்டிலேவுக்கே என் வாக்கு. 1982 உலகக் கோப்பையில், பார்சிலோனாவில் அர்ஜென்டினாவுடன் நடந்த ஆட்டத்தில், 21 வயது மரடோனாவின் முதுகோடு ஒட்டி நின்று, பந்து வந்து சேருமுன்பே சட்டையைப் பிடித்தும் கணுக்காலைத் தட்டியும் அவரைத் திரும்பவே விடாமல் செய்தார். அன்று மரடோனாவுக்கு எதிராக 23 ஃபவுல்கள் பதிவாயின. ஆனால் ஜென்டிலே பெற்றதோ ஒரே ஒரு மஞ்சள் அட்டை! (இன்றைய காணொளி நடுவர்கள் இருந்திருந்தால் இடைவேளைவரைகூடத் தாக்குப்பிடித்திருக்க மாட்டார்.) இத்தாலி 2-1 என வென்றது. அடுத்து பிரேசிலின் ஜிகோவை ஜென்டிலே மறித்தபோது ஜிகோவின் சட்டையே கிழிந்துபோனது. அதற்கும் பெனால்டி கிடைக்கவில்லை.

அதே இத்தாலியின் பாவ்லோ மால்டினி, காலை நீட்டாமல் சரியான இடத்தில் நின்றே முன்கள வீரர்களைத் திணறவைத்தவர். ரசனையில் அவரே உயர்ந்தவர் என்றாலும், நண்பர் கேட்பது மிரட்டலைப் பற்றி என்பதால் ஜென்டிலேதான்.