மலிவுக் கடையா, பேரங்காடியா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் மலிவுக் கடையில் மளிகை வாங்கினால் தரம் குறையுமா? ஈப்போ பேரங்காடிக்கே போக வேண்டுமா?

பதில்: 1 கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் 2.50 ரிங்கிட், சீனிக்கும் அரசு கட்டுப்பாட்டு விலைதான். இவற்றுக்காக ஈப்போ போகாதீர்கள் அம்மா. பருப்பில்தான் ஏமாறுவோம். 850 கிராம் 4.90 ரிங்கிட் என்றால் கிலோ 5.76 ஆகிறது, பக்கத்திலேயே முழுக் கிலோ 5.40க்கு இருந்தால் அதை எடுங்கள். பழைய பருப்பு எவ்வளவு வெந்தாலும் குழையாது, எரிவாயுவும் வீண். முதலில் சிறு பாக்கெட் வாங்கி வேகவைத்துப் பாருங்கள். சார்டின் டின்னில் மொத்த எடையை விட்டு மீனின் எடையைப் பாருங்கள். உறைந்த கோழிப் பைக்குள் பனிக்கட்டி திரண்டிருந்தால், இடையில் உருகி மறுபடி உறைந்திருக்கலாம். கோழிக்கு மட்டும், குளிரூட்டல் ஒழுங்காக உள்ள கடையில் கூடுதல் விலை கொடுப்பது தகும்.