மூன்று பூனைகள் – வாசகர் கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் நான்கு நண்பர்கள் சனிக்கிழமைதோறும் கூடி 'ரூட்' என்ற பலகை விளையாட்டை ஆடுகிறோம். எங்களில் ஒருவர் எப்போதும் வுட்லேண்ட் அலையன்ஸ் என்ற தரப்பைத்தான் எடுப்பார். பெரும்பாலும் அவர்தான் வெற்றிக்கான 30 புள்ளியைத் தொடுகிறார். பூனைத் தரப்பை ஆடும் நண்பர் "விளையாட்டே சரியில்லை, பகடையும் எனக்கு விழுவதில்லை" என்று சொல்லி வருவதையே நிறுத்திவிட்டார். அலையன்ஸை விளையாட்டிலிருந்தே நீக்கிவிட்டு ரிவர்ஃபோக், அண்டர்வேர்ல்ட் இரண்டில் ஒரு விரிவாக்கத்தை வாங்கலாமா? வேகபாண்ட் என்ற தரப்பை எப்படிச் சமாளிப்பது என்றும் சொல்லுங்கள்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

ரூட்டில் பூனை ஆடுபவர் எப்படித் தனித்துவிடப்படுகிறார் என்பதைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தில் உங்கள் குறையைச் சொல்கிறீர்கள். உண்மையில் குறை நேர்ந்தது வராமல் போனவருக்குத்தான். அவர் மோசமாக ஆடியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. மூவர் பார்க்க வேண்டிய காவலை அவர் ஒருவர் தலையில் கட்டியிருக்கிறீர்கள்.

கோல் வேர்லி வடிவமைத்து 2018இல் அமெரிக்காவின் லெடர் கேம்ஸ் வெளியிட்ட விளையாட்டு இது. பூனைப் படை, பறவைகளின் ஈரி, கலகக்காரர்களான அலையன்ஸ், தனியாகத் திரியும் வேகபாண்ட் என்று நான்கு தரப்பு, நான்குக்கும் தனித்தனி விதி. யாரைப் பிடித்து நிறுத்துவது என்ற வேலையை விதிப்புத்தகம் செய்யாது, மேசையில் இருப்பவர்கள்தான் செய்ய வேண்டும். நம் ஆடுபுலி ஆட்டத்தில் புலி மூன்று, ஆடு பதினைந்து. அது அநியாயம் என்று யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் ஆடுகள் எல்லாம் ஒரே கையில் இருக்கின்றன. ரூட்டில் அந்த ஆடுகள் மூன்று பேர் கையில் இருக்கின்றன. பேசிக்கொள்ளாமல் ஆடினால் புலி ஜெயிக்கத்தான் செய்யும்.

பகடையைக் குறை சொல்வதை முதலில் விடுங்கள். இரண்டு பகடை, 0 முதல் 3 வரை. பெரிய எண் தாக்குபவருக்கு, சிறியது காப்பவருக்கு. சராசரியில் பெரியது 2க்குச் சற்று மேலே, சிறியது 1க்குச் சற்றுக் கீழே. அலையன்ஸைத் தாக்கும்போது மட்டும் இது தலைகீழாகும், பெரிய எண் அவர்களுக்குப் போகும். உங்கள் நண்பருக்குப் பகடை விழாதது போலத் தோன்றியதற்கு இதுதான் காரணம். அலையன்ஸ் வீரர்கள் நிற்கும் இடத்தில் போய் மோதியிருப்பார். அலையன்ஸ் தனக்கு ஆதரவு இருப்பதைக் காட்டப் பலகையில் வைக்கும் வில்லைதான் சிம்பதி டோக்கன்; வீரரே இல்லாத இடத்தில் அதை அடிக்கும்போது பகடை ஒரு பொருட்டே இல்லை. காக்க ஆளில்லாத இடத்தில் ஒரு அடி கூடுதலாகக் கிடைக்கும், ஆகவே 0 விழுந்தாலும் டோக்கன் போய்விடும். அவர்கள் பக்கம் வீரர் இல்லாததால் பகடையால் உங்களுக்குத் திருப்பி அடியும் கிடையாது. தாக்க வருபவர்மேல் பதுங்கிப் பாயும் ஆம்புஷ் கார்டு ஒன்றுதான் பயம்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். இதைப் பொறுமையாகப் படியுங்கள். எலித் திடல் ஒன்றில் (பலகையில் எலிச் சின்னம் போட்ட வெளி) சிம்பதி டோக்கன் இருக்கிறது. பூனை பக்கத்துத் திடலிலிருந்து நடந்து வந்து அதை அடிக்கிறது. நடக்க ஒரு ஆக்‌ஷன், அடிக்க ஒரு ஆக்‌ஷன், ஆக ஒரு முறைக்குரிய மூன்றில் இரண்டு காலி. வீரர் நுழைந்ததற்கு ஒரு எலிக் கார்டு அலையன்ஸ் சேர்த்துவைக்கும் சப்போர்ட்டர் (ஆதரவாளர்) கார்டு அடுக்குக்குப் போகிறது, டோக்கனை எடுத்ததற்கு இன்னொன்று. கிடைத்தது ஒரு புள்ளி. கொடுத்தது இரண்டு எலிக் கார்டு. ஒரு புரட்சியின் விலையும் சரியாக இரண்டு கார்டுதான்! வேறொரு எலித் திடலில் டோக்கன் இருந்தால், அடுத்த முறை அங்கே உள்ள உங்கள் வீரர், கட்டடம் எல்லாம் துடைக்கப்பட்டு அவர்கள் பேஸ் (தளம்) முளைக்கும். அந்தப் பேஸுக்கான கூலியை நீங்களே கொடுத்திருக்கிறீர்கள்.

அதே திடலில் பூனை வீரர் முன்பே நின்றிருந்தால்? ஒரே ஆக்‌ஷன், ஒரே கார்டு, அதே ஒரு புள்ளி. பூனை ஆட்டம் தொடங்கும்போது பன்னிரண்டு திடல்களில் பதினொன்றில் ஒவ்வொரு வீரர் நிற்பது இதற்குத்தான். புதிதாக ஆடுபவர்கள் இரண்டாவது சுற்றிலேயே எல்லாரையும் கோட்டை பக்கம் இழுத்துக்கொண்டு படை திரட்டிவிட்டதாக நினைக்கிறார்கள். காலியான திடல்களில் டோக்கன் தடையில்லாமல் பரவுகிறது.

ஒன்று போதாத இடங்களில் மூன்று நிறுத்துங்கள். எதிரி ஒருவரின் மூன்று வீரர் நிற்கும் திடலில் சிம்பதி வைக்க அலையன்ஸ் ஒரு சப்போர்ட்டர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். டோக்கன் விலை முதலில் 1, பிறகு 2, கடைசி நான்குக்கு 3. பேஸ் இல்லாதவரை அவர்கள் அடுக்கில் ஐந்து கார்டுக்கு மேல் நிற்காது. 3 என்பது 4 ஆவது அவர்களுக்குப் பெரிய இடி. ஆம்புஷ் வந்தாலும் மூவரில் இருவர்தான் சாவார்கள், மிஞ்சியவர் டோக்கனை எடுப்பார். ஒருவரை மட்டும் நிறுத்தியிருந்தால் சண்டையே அங்கே முடிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: இந்த மூவர் சிம்பதி பரவுவதைத்தான் தடுப்பார்கள், புரட்சியை அல்ல. டோக்கன் விழுந்துவிட்டால் உடனே எடுத்துவிடுங்கள். "மூணு பேர் இருக்காங்களே" என்று விட்டால் மூவரும் போவார்கள்.

இவ்வளவையும் பூனை ஒருவரே செய்ய முடியாது. ஒரு முறைக்கு மூன்று ஆக்‌ஷன்தான், பறவைக் கார்டு செலவழித்தால் கூடுதல். அதில் கட்ட வேண்டும், ஆள் சேர்க்க வேண்டும். அந்த நேரத்தில் ஈரி ஆடியவர் என்ன செய்துகொண்டிருந்தார்? முறைதோறும் அவர் நிறைவேற்றியே தீர வேண்டிய ஆணைப் பட்டியலான டிக்ரீயில் போர்க் கார்டு இருந்து, அடிக்க ஆளில்லாவிட்டால் அவர் ஆட்சியே கவிழும், பறவைக் கார்டு ஒன்றுக்கு ஒரு புள்ளி போகும். தன் வீரர் நிற்கும் திடலில் உள்ள சிம்பதி டோக்கன் அவருக்குக் கிடைத்த எளிய இலக்கு. வேகபாண்ட்? அவர் வீரர் கணக்கில் வராதவர், சிம்பதித் திடலுக்குள் கார்டு கொடுக்காமல் நுழையலாம், எடுத்தால்தான் ஒன்று கொடுக்க வேண்டும். இந்த இருவரும் பூனையின் கட்டடங்களை அடித்துப் புள்ளி சேர்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். கடிதம் எழுதும் நீங்கள் அந்த இருவரில் ஒருவர் என்றே தோன்றுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் இதை யோசியுங்கள்.

ஒவ்வொருவரும் தன் முறை முடிந்ததும் தன் புள்ளியையும், அடுத்த முறை எவ்வளவு ஏறக்கூடும் என்பதையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். சப்போர்ட்டர் அடுக்கில் எத்தனை கார்டு என்று அலையன்ஸ் சொல்ல வேண்டும். எந்தக் கார்டு என்பது ரகசியம், எண்ணிக்கை ரகசியமல்ல. இந்தப் பழக்கம் வந்தால் பாதிச் சண்டை தீரும்.

வேகபாண்டைப் பற்றி: அவருக்காக நீங்கள் பொருள் செய்து வைக்காதீர்கள், கார்டு கொடுத்து எடுத்துக்கொள்வார். முறை முடிவில் காட்டுக்குள் போய்விட்டால் உடைந்ததெல்லாம் சரியாகிவிடும், ஆகவே திடலில் நிற்கும்போது, வாள் குறைவாக இருக்கும்போது அடியுங்கள்.

அலையன்ஸை நீக்கிவிட வேண்டாம். விரிவாக்கமும் இப்போது வேண்டாம். நால்வரும் நான்கு தரப்பையும் ஒருமுறையாவது ஆடுங்கள், அதன்பிறகு அண்டர்வேர்ல்ட் வாங்கலாம். பூனை நண்பரை இந்தச் சனிக்கிழமை நீங்களே நேரில் போய் அழைத்து வாருங்கள். அலையன்ஸ் அவருக்கு. பூனை உங்களுக்கு.