பாட்டி சொன்னதும் மேற்கோள்தான்

தங்கச்சி, காட்டுக்கிழங்கின் கசப்பெடுக்கும் முறையைச் சொன்ன பேச்சிப்பாறை காணிப் பழங்குடிப் பாட்டியை நன்றியுரையில் போட்டால் போதும்னு உங்க ஆய்வு நெறியாளர் சொன்னதா எழுதியிருக்கீங்க. விடாதீங்க. பெண்களோட அறிவைத்தான் 'சமையல் காரியம்'னு இப்படி ஒதுக்குறாங்க.

கனடாவில் லொரிசியா மக்லியட் என்ற க்ரீ பூர்வகுடி இன நூலகர் இதுக்கென்றே மேற்கோள் வடிவம் தந்திருக்கார்: மூத்தவர் பெயர், இனம், வசிக்கும் இடம், பேசிய பொருள், தேதி. துணைநூற்பட்டியலிலேயே வரும். அச்செடுத்து நெறியாளர்கிட்ட காட்டுங்க. 1987இல் அகத்தியமலையில் விஞ்ஞானிகளுக்கு ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையின் பழத்தைத் தின்னக் கொடுத்ததும் காணிக்காரர்கள்தான். அந்த மூலிகையிலிருந்து மருந்தே வந்தது.

ஆனா முதல்ல பாட்டிகிட்ட கேளுங்க, பெயர் போடலாமா, எதை எழுதக் கூடாதுன்னு. என் ஆய்வில் ஒரு அம்மா, "அந்த வேரு பேரு வேண்டாம் மக்களே"ன்னாங்க. வரியையே எடுத்துட்டேன். எழுதி முடிச்சதும் அவங்க முற்றத்துலயே உட்கார்ந்து வாசிச்சுக் காட்டுங்க.