ஓடும்போது மயங்கி விழுந்த பிள்ளைக்கு சிடி ஆஞ்சியோ அவசியமா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. ஃபுட்பால் ஆடும்போது இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டான். ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். இப்போது சிடி கரோனரி ஆஞ்சியோகிராம் என்று, இதயத்தின் ரத்தக் குழாய்களைப் படம் பிடிக்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். இந்த வயதில் அது தேவைதானா, இல்லை பணம் பிடுங்கும் வேலையா?

இதய டாக்டர் பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தால் எடுத்துவிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள். நான் மருத்துவர் இல்லை. திண்டுக்கல்லில் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன். ஆனால் உங்கள் கையில் இருக்கும் அதே 'நார்மல்' ரிப்போர்ட்டுகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு நானும் அலைந்திருக்கிறேன். 'நல்லா ஓடியாடுற பையன், இவனுக்குப் போய் ஹார்ட்டா' என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள். எங்கள் வீட்டில் எல்லோருமே சொன்னார்கள்.

என் மகள் 400 மீட்டர் ஓடுவாள். பதினொன்றாம் வகுப்பில் மாவட்டப் போட்டியில் கடைசி வளைவு திரும்பும்போது முகம் குப்புற விழுந்தாள். நான் கேலரியிலிருந்து இறங்கி ஓடிப் போவதற்குள் கண் விழித்துவிட்டாள். தாடை கிழிந்து ரத்தம், பல்லிடுக்கிலெல்லாம் மண். தையல் போடும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளங்கையில் ஒரு சிராய்ப்பு இல்லை. தடுக்கி விழுகிற யாரும் தன்னையறியாமல் கையை ஊன்றுவார்கள், உள்ளங்கை தேயும். இவள் ஊன்றவே இல்லை. விழுவதற்கு முன்பே நினைவு போயிருக்கிறது. அது மட்டும் என் மனதை விட்டுப் போகவில்லை.

காரணம் சொல்வதற்கா ஆளில்லை? காலையில் சாப்பிட்டிருக்க மாட்டாள், வெயில், ரத்தம் கம்மி, மாதவிலக்கு நேரம், பரீட்சை பயம். மாமியார் கண் பட்டுவிட்டது என்று சுற்றிப் போட்டார். அவர் பிரியத்தில் செய்தது, அதில் எனக்குக் குறையில்லை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தது. ஈசிஜி நார்மல், எக்கோ நார்மல். டிரெட்மில்லில் ஏற்றினார்கள், அதிலும் நார்மல். தினம் ஓடுகிற பெண், சிரித்துக்கொண்டே இறங்கினாள். 'ஒண்ணுமில்லம்மா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க' என்றார்கள். நான் கேட்கவில்லை. மதுரையில் குழந்தைகளுக்கான இதய மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப் போனேன்.

அவர் ரிப்போர்ட்டைத் தொடுவதற்கு முன்னால் அவளைத்தான் கேட்டார். "ஏம்மா, ஓடிட்டு இருக்கும்போதே விழுந்தியா, ஓடி முடிச்சு நின்னப்புறம் விழுந்தியா?"

"ஓடிட்டு இருக்கும்போதே சார். தலை சுத்தல, கண்ணு இருட்டல. முழிச்சப்போ வாயெல்லாம் மண்ணு."

இந்த ஒரு கேள்வியை உங்கள் மகனிடம் இன்றே கேளுங்கள். ஓடி முடித்துச் சட்டென்று நின்றதும் மயக்கம் வந்தால், ரத்தம் காலில் தங்கி அழுத்தம் இறங்கியதாகப் பெரும்பாலும் இருக்கும், அவ்வளவு பயமில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் விழுந்தால், வேறு என்று நிரூபணம் ஆகும்வரை அதை இதயப் பிரச்சினையாகவே பார்க்க வேண்டும் என்றார். ஓடும்போது நெஞ்சு வலி வருவதும் அப்படித்தான்.

அப்படியானால் மற்ற டெஸ்ட் ஏன் நார்மல்? எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். படுக்க வைத்து எடுக்கும் ஈசிஜி ஓய்வில் இருக்கும் இதயத்தைத்தான் காட்டும். வழக்கமான எக்கோவில் வால்வு, சுவர், பம்பிங் பார்ப்பார்கள். இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாய்கள் எங்கிருந்து கிளம்புகின்றன என்று குறிப்பாகத் தேடினால் குழந்தைகளுக்குப் பல சமயம் எக்கோவிலேயே தெரியும், ஆனால் தேட வேண்டும். என் மகளுக்கு யாரும் தேடவில்லை. சந்தேகம் இருந்தால் குழாய் கிளம்பும் இடத்தையும் போகும் வழியையும் தெளிவாகக் காட்டுவது சிடி. எம்ஆர்ஐயிலும் பார்க்கலாம், நேரம் அதிகம்.

சிடியில் தெரிந்தது இதுதான். இடது கரோனரி குழாய், இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் மகாதமனியின் இடப்பக்கத்திலிருந்து கிளம்ப வேண்டும். இவளுக்கு வலப்பக்கத்திலிருந்து கிளம்பி, மகாதமனிக்கும் நுரையீரலுக்குப் போகும் பெரிய தமனிக்கும் நடுவில் நுழைந்து போயிருந்தது. முதல் கொஞ்ச தூரம் மகாதமனியின் சுவருக்குள்ளேயே ஓடியது. அதன் வாய் வட்டமாக இல்லாமல் பிளேடு கீறல் போலிருந்தது. வேகமாக ஓடும்போது மகாதமனி விரிந்து இந்தக் குழாயை நசுக்குகிறது, இதயத்துக்கு ரத்தம் அதிகம் வேண்டிய அதே நேரத்தில். நின்றால் சரியாகிவிடும். கொழுப்பு, அடைப்பு எதுவும் கிடையாது, பிறவியிலேயே வந்த அமைப்பு.

அப்புறம் நான் தேடிப் படித்ததில், இப்படிப்பட்ட அமைப்பால் திடீரென்று இறந்த 27 இளம் விளையாட்டு வீரர்களைப் பற்றி அமெரிக்க, இத்தாலிய மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று கிடைத்தது. அவர்களில் முன்பே டிரெட்மில் செய்திருந்தவர்கள் ஆறு பேர். ஆறு பேருக்கும் நார்மல் என்றே வந்திருக்கிறது. படித்த அன்று இரவு நான் தூங்கவில்லை. அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து வீரர் பீட் மாரவிச், 1988 ஜனவரியில் நண்பர்களோடு ஆடிக்கொண்டிருக்கும்போது 40 வயதில் விழுந்து இறந்தார். அவருக்கு இடது கரோனரி குழாயே பிறவியில் இல்லை என்று பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. அத்தனை வருடம் தொழில்முறையில் ஆடியவர். 'நல்லா விளையாடுறானே' என்பது ஒரு ஆதாரமே இல்லை.

சிடி பற்றிப் பயப்படாதீர்கள். நாலைந்து மணி நேரம் சாப்பிடக் கூடாது, காபி, டீ கூடாது. சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று ரத்தத்தில் கிரியாட்டினின் பார்ப்பார்கள். மருந்து அலர்ஜி, ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். படம் ஆடாமல் வர நாடித்துடிப்பு 60ஐ ஒட்டி இறங்க வேண்டும். இவளுக்குப் பயத்தில் ஏறி இருந்ததால் மாத்திரை கொடுத்துக் காக்க வைத்தார்கள். கையில் ஊசி வழியாக அயோடின் கலந்த மருந்து போகும்போது உடம்பு முழுக்கச் சூடு பரவும், சிறுநீர் போய்விட்டது போல இருக்கும். இதை மகனிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், இல்லாவிட்டால் பையன் பதறிவிடுவான். மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள், படம் சில விநாடிகளில் முடிந்துவிடும். கதிர்வீச்சு இன்றைய நல்ல இயந்திரங்களில் பெரும்பாலும் 5 மில்லிசீவர்ட்டுக்குள். இயற்கையிலிருந்தே வருடத்துக்கு 2, 3 மில்லிசீவர்ட் நம் மேல் படுகிறது. எங்களுக்குச் செலவு பத்தாயிரத்தை ஒட்டி ஆனது.

'ஸ்கேன் சென்டருக்கு விளம்பரம் செய்கிறாள்' என்று யாராவது கீழே எழுதலாம். எழுதட்டும். ஓடுகிற எல்லாப் பிள்ளைகளையும் சிடியில் படுக்க வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. தொந்தரவே இல்லாத பிள்ளைக்கு அது வேண்டாத கதிர்வீச்சு. இந்த அமைப்பு நூறில் ஒருவருக்குக்கூட இருக்காது. அதேபோல சிடி நார்மல் என்று வந்தாலும் கதை முடியவில்லை. குழாய் சரியாக இருந்து, ஓடும்போது துடிப்பின் ஒழுங்கு மட்டும் கெடும் நோய்கள் உண்டு, இதயத் தசை தடிக்கும் நோய் உண்டு, அவற்றுக்கு வேறு டெஸ்டுகள். சிறு வயதில் ஐந்தாறு நாள் விடாத காய்ச்சல், கண் சிவப்பு, உதட்டு வெடிப்பு என்று வந்ததா என்று எங்களைக் கேட்டார்கள். கவாசாகி நோய் வந்திருந்தால் கரோனரி குழாய் வீங்கியிருக்கலாமாம். குடும்பத்தில் இளம் வயதில் திடீரென்று யாராவது இறந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மகளுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. சுவருக்குள் ஓடிய பகுதியைத் திறந்து வாயை அகலப்படுத்தினார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எல்லாம் எடுத்து, சரியாக இருந்ததால் ஓட அனுமதித்தார்கள். இப்போது கல்லூரி அணியில் ஓடுகிறாள்.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் பள்ளிக்குத் திரும்பிய அன்று ஒரு டீச்சர், 'இதுக்குத்தான் பொம்பளைப் பிள்ளைகளை ரொம்ப ஓட விடக் கூடாதுங்கிறது' என்றார். பிறவிக் கோளாறை ஓட்டம் உண்டாக்கவில்லை. அவள் ஓடியதால்தான் எங்களுக்குத் தெரிய வந்தது, உயிரோடும் இருக்கிறாள். அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிடுவார்கள். பெற்றோர் கூட்டத்தில் நான் மட்டும் எழுந்து கேட்டேன், மற்ற பெற்றோர்கள் என்னைத்தான் முறைத்தார்கள். பிள்ளைகள் மூச்சு வாங்க ஓடுவதையே பார்க்காத பள்ளியில், எந்தப் பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது என்று யாருக்குத் தெரியும்? நெஞ்சில் தழும்போடு யார் கட்டிக்கொள்வார்கள் என்று கேட்ட சொந்தக்காரர்களைப் பற்றி எழுதினால் பதில் நீண்டுவிடும்.

சரி, உங்கள் விஷயம். முடிவு தெரியும்வரை மகனை மைதானத்துக்கு அனுப்பாதீர்கள், 'சும்மா கோல் கீப்பரா நிக்கிறேன்' என்றாலும் வேண்டாம். ஸ்கேன் சீட்டில் 'கரோனரி கிளம்பும் இடம், போகும் வழி பார்க்கவும்' என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். ரிப்போர்ட்டோடு ஸ்கேன் படங்கள் பதிந்த டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள். எங்கள் அறுவைச் சிகிச்சை மருத்துவர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு அந்தப் படங்களைத்தான் பார்த்தார்.