கிணற்று நீரிலிருந்து நச்சு உலோகங்களை எப்படி நீக்குவது?

ஆசனிக், கட்மியம், ஈயம் போன்றவற்றைத்தான் குடிநீரில் நச்சு உலோகங்கள் என்கிறோம். (ஆசனிக் முழு உலோகம் அல்ல, ஆனாலும் இந்தக் கூட்டத்தில்தான் சேர்ப்பார்கள்.) நிறமோ மணமோ காட்டாது. தண்ணீரில் கரைந்து கிடப்பதால், துணியில் வடித்தாலும் உப்பைப் போலக் கூடவே இறங்கிவிடும்.

ஆகவே ஒட்டிப் பிடிக்க ஒரு பொருள் வேண்டும். வரம்பில் நடந்தால் சாரத்தில் ஒட்டுப்புல் ஏறுகிறதல்லவா, அப்படித்தான் இரும்புத் துரு பூசிய மணலில் ஆசனிக் ஒட்டிக்கொள்கிறது. சாரம் நிறைந்துவிட்டால் அப்புறம் இடமில்லை. மணலையும் மாற்றத்தான் வேண்டும். ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) இயந்திரத்தின் வழி வேறு: மிக நுண்ணிய சவ்வினூடாகத் தண்ணீரை அழுத்தித் தள்ளும், கரைந்த உலோகங்களில் பெரும்பகுதி இந்தப் பக்கமே தங்கிவிடும். வவுனியாப் பக்கக் கிணறுகள் சிலவற்றில் உள்ள புளோரைட்டு உலோகமே அல்ல, ஆனால் அதையும் இது குறைக்கும்.

ஆசனிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். நாக்குக்குத் தெரியாது, ஆய்வுகூடத்தில்தான் பார்க்க வேண்டும்.

"கொதிக்க வைத்தால் போதும்" என்பார்கள். கிருமி சாகும், உலோகம் போகாது. நீர் ஆவியாகக் கொஞ்சம் செறியவும் செய்யும். கேத்தலில் படியும் வெள்ளைப் படை பெரும்பாலும் கல்சியம் உப்புத்தான், இந்த நச்சு உலோகங்கள் அல்ல.