பல்கலைக்கழக ஆசிரியப் பணி நேர்காணலுக்கு எந்த உடை அணிவது?

கோட், சூட் கட்டாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். மேலாண்மை, சட்டத் துறைகளில் பெரும்பாலும் ஆம்; கணிதம், கணினியியலில் நேர்த்தியான சட்டையே பல இடங்களில் போதும். ஐயம் இருந்தால் கோட்டுடனேயே செல்லுங்கள். வேண்டாமென்றால் கழற்றிவிடலாம்.

ஆனால் நான் முதலில் பார்ப்பது நாளின் நீளத்தைத்தான். ஆய்வுரை, தனித்தனிச் சந்திப்புகள், வளாகச் சுற்று, விருந்து என்று சில சமயம் காலை முதல் இரவு வரை நீளும். புதுக் காலணி வேண்டவே வேண்டாம். கையை உயர்த்திப் பலகையில் எழுதிப் பாருங்கள். தோளில் இறுகினால் அந்த உடையை விட்டுவிடுங்கள். சட்டையில் செருகும் மைக்கின் சிறு பெட்டியை மாட்ட இடுப்புப் பட்டையோ சட்டைப்பையோ தேவைப்படும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒத்திகை உரையை அதே உடையில் ஒருமுறை முழுமையாக நிகழ்த்திவிடுங்கள். விமானத்தில் செல்வதானால் அந்த உடையைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.