காலி டப்பாவில் காற்றுக்கு அணையாத மெழுகுவத்தி விளக்கு செய்ய முடியுமா?

ஆடி அமாவாசைக்கு, திருநெல்வேலி மாவட்டத்தில் காட்டுக்குள் இருக்கும் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டுத் தங்கும்போது வெளிச்சத்துக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம்.

பால்பவுடர் வரும் தகர டப்பா போதும். பெயிண்ட் டப்பா மட்டும் வேண்டாம், சூடேறினால் நாறும். முதலில் ஈர மணலை உள்ளே இறுக்கி நிரப்புங்கள். அப்போதுதான் ஆணி அடிக்கும்போது தகரம் நசுங்காது.

டப்பாவைப் படுக்க வைத்து, மேல்பக்கம் நாலைந்து துளை போடுங்கள். சூடும் புகையும் போக வழி வேண்டும். அதற்கு நேர் கீழே, தரையைத் தொடும் பக்கத்தில் கத்தி முனையால் பெருக்கல் குறி மாதிரி கீறுங்கள். மணலைக் கொட்டிவிட்டு, மெழுகுவத்தியைக் கீழிருந்து திருகி ஏற்றுங்கள். கீறிய தகர நாக்கு நான்கும் உள்ளே மடங்கி வத்தியைக் கவ்விக்கொள்ளும். உருக உருக மேலே தள்ளிவிடலாம், அதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். பளபளக்கும் உள்சுவர் வெளிச்சத்தை முன்னால் அடிக்கும். தொங்கவிடக் கம்பி கட்டுங்கள், துணிக்கயிறு கருகிவிடும்.

ஆடிக் காற்று சாரலோடு வீசும். மூடிய பக்கம் காற்றைத் தடுக்கும்படி, திறந்த வாயைக் காற்று வரும் பக்கத்துக்கு மறுபக்கமாகத் திருப்பி வையுங்கள்.

அப்புறம், குடிலுக்குள் இதை ஏற்றவே ஏற்றாதீர்கள். ஓலையில் ஒரு பொறி பட்டால் போதும். உள்ளே டார்ச், வெளியே இந்த விளக்கு. கோயில் இருக்கும் இடம் புலிகள் காப்பகம் என்பதால் நெருப்புக்கு அனுமதி உண்டா என்று வனத்துறையிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.